காற்றுக்கு வழி

ராணுவ ஜீப்பை அனுப்பியிருக்க வேண்டாம், சார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நான் தினமும் வருகிற பஸ்ஸிலேயே வந்திருப்பேன். ஓடி ஒளிகிற காரியம் எதுவும் நான் செய்யவில்லை.

காற்று போகாத துணியை நான் துணி என்று ஒத்துக்கொள்வதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வயசுக்கு வந்த நாள் முதல் பேண்டேஜ் துணியில்தான் வேலை. புண்ணைக் கட்டுகிற துணியில் இழைக்கு இழை இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிச் சீழ் வைத்துவிடும்.

போன வருஷம் கம்பெனிக்கு ராணுவ ஆர்டர் வந்தது. எதிரி விஷப்புகை விட்டால் ஹெலிகாப்டரில் இருப்பவர்கள் கழுத்துவரை மாட்டிக்கொள்கிற தலை உறை. உள்ளே கரித்தூள் துணி, மேலே ரப்பர். இன்ஜினியர் கௌதம்ராஜ் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"வேதமணியக்கா, இதுல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஆள் காலி. பாத்து பேக் பண்ணுங்க."

"இதை மாட்டிக்கிட்டு எம்புட்டு நேரம் இருக்கணும் தம்பி?"

"நாலஞ்சு மணி நேரம்."

"பெத்தவ பிள்ளையள அவிச்சுல்லா எடுத்துருவீய."

"நீங்க வேணா ஒரு ஜன்னல் வச்சுக் குடுங்கக்கா" என்றாள் பக்கத்து மேசை மாரீஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் ஆவி படிந்தது. வாய்க்குள் உப்பு இறங்கியது. கழற்றிய கையோடு கௌதம்ராஜிடம் போனேன்.

"தம்பி, இதுல காத்துக்கு வழி வேணும்."

"அதுக்குத் தனியா ஃபில்டர் இருக்குக்கா. ஒங்க பேண்டேஜ் மூளைய இங்க கொண்டு வராதீய."

அந்தச் சொல்லுக்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். செய்தது அந்தப் பிள்ளைகளுக்காக.

சோதனையில் தேறி வந்த உறைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவது நான். அடுக்குவதற்கு முன்னால் பின்கழுத்து மடிப்பில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, மெல்லிய ஊசியால் குத்தினேன். அவசரப்படவில்லை. வரிசை கோணாமல், பெட்டி பெட்டியாகச் செய்தேன்.

ஆள் காலி என்று அவர் சொன்னது நினைவில் இல்லையா என்கிறீர்கள். இருந்தது. விஷப்புகை என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். புழுக்கம் தினமும் வரும். எதற்கு வழி செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சிக்கு என்று நீங்களே விட்ட புகையில், தாழப் பறந்தபோது பைலட்டுக்குக் கண் எரிந்து, ஹெலிகாப்டர் தரையில் மோதி, உள்ளே இருந்த நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். வருத்தம்தான். ஆனால் கடைசிவரை அவர்கள் கழுத்தில் காற்று பட்டிருக்கும். அதை நான் கொடுத்தேன். இன்னொரு பெட்டி வந்தாலும் கொடுப்பேன்.

இதைச் சொன்ன பிறகுதான் நீங்கள் அந்த நாலு பேரும் மாட்டியிருந்த உறைகளை என் முன்னால் வைத்தீர்கள். ஒவ்வொருவர் தலைக்கும் அளவெடுத்துத் தைத்ததால் உள்பக்கம் பெயர் இருக்கும். உயிரோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனின் உறையைத் திருப்பிக் காட்டினீர்கள்.

"இதுல ஒரு ஓட்டைகூட இல்லையேம்மா. ஸ்டெபின்னு பேர் இருக்கு. யார் இது?"

"என் தங்கச்சி கேத்ரின் மகன்."

"அவருக்குக் காத்து வேண்டாமா?"

"அவன் புழுக்கம் தாங்குவான் சார்" என்றேன்.