கண் பட்ட சாவி

மேடையில் வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, மனைவியைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பீட்டர் அவர்களே, தேர்வாய் கண்டிகை ஆலையிலிருந்து ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடே வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் தகவல் பாதுகாப்புப் பொறியாளர் ஏஞ்சலின் அம்மையார் மறைந்து இன்று ஒன்பதாம் நாள். ஆறு ஆண்டுகள் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். பேச எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும்!

அவர் நமக்கு என்ன செய்தார்? நம் ஆலையின் குளோரின் வால்வைத் திருவள்ளூர் அலுவலகத்திலிருந்து திறக்கிறோம், மூடுகிறோம். அந்தக் கட்டளையை எவனும் போலியாக அனுப்பிவிடாதபடி குவாண்டம் குறியாக்கத்தைக் கொண்டுவந்தவர் ஏஞ்சலின்! கட்டளையைப் பூட்டும் ரகசியச் சாவி, ஒளித்துகள்களாகக் கேபிளில் போகும். வழியில் யாராவது எட்டிப் பார்த்தால் துகள் கெடும், பிழை ஏறும், நமக்குத் தெரிந்துவிடும். இதற்காகப் பாடமா நடத்தினார்? "கண்ணு பட்டா கெட்டுப்பூடும், அவ்ளோதான் மேட்டரு" என்றார்! அன்றிலிருந்து நம் பதிவேட்டில் 'பிழை' என்ற சொல்லே கிடையாது. 'கண் பட்டது' என்றுதான் எழுதுகிறோம்.

பிழை நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டினால் சாவியைத் தூக்கி எறியவேண்டும், ஆலை நிற்கவேண்டும். போன வருடம் நம் மேலாளரே, "இன்னிக்கி ஒரு நாள் வுட்டுடும்மா" என்று கெஞ்சினார். ஏஞ்சலின் அசைந்தாரா? "யார் பாத்தாங்கன்றது கேள்வியே இல்ல சார். பாத்தாங்களா இல்லியா, அதான் கேள்வி" என்றார்.

அவரை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து, தினமும் மாலை நாலு இருபதுக்கு, அவர் டீ டம்ளரோடு திரைமுன் உட்காரும் அதே நேரத்தில், கண் படுகிறது. ஐந்து நிமிடம். பிறகு தானாகவே அடங்குகிறது. கேபிளைத் திருவள்ளூர்வரை சோதித்துவிட்டோம். வெட்டில்லை, ஒட்டில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கமாட்டேன்.

நேற்று பீட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவதான் சார் வந்து பாத்துக்கினு போறா. சாவிய தூக்கிப் போட்டு அவள தொரத்தாதீங்க சார்." அதை நம்ப நானும் ஆசைப்பட்டேன். தினமும் எறிந்த சாவியை நேற்று மட்டும் எறியாமல் விட்டேன். அந்த ஐந்து நிமிடம் வால்வு யார் கையில் இருந்தது? எனக்குத் தெரியாது!

மன்னிக்கவேண்டும். மணி நாலு இருபது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து முஜீப் போனில் கூப்பிடுகிறார். "பன்னெண்டு காட்டுது சார், வுட்டுடவா?" என்று கேட்கிறார்.

பீட்டர், என்னை அப்படிப் பார்க்காதீர்கள். ஏஞ்சலின் அம்மா, இந்த அவையறியச் சொல்கிறேன். பார்ப்பது நீங்களாகவே இருந்தாலும், உங்கள் வேலையை நாங்கள் செய்வோம்.

தூக்கிப் போடு, முஜீப்.