பாசத்துக்காகப் பார்க்காதீர்கள்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடைவீதி வணிகர் சங்கத் தலைவர், இரும்புக்கடை ஐயா அவர்களே! என் உயரம் பார்த்து ஒலிவாங்கியை இறக்கிக் கொடுத்த செயலாளர் அவர்களே! கல்லாவைப் பூட்டிவிட்டு, மனத்தை மட்டும் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! துவைத்து முடிப்பதற்குள் அடுத்த கூடை நிறைந்துவிடும் வாழ்க்கையில், நமக்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிய தாய்மார்களே! நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்ட என் அம்மாவே! நிறைவாக, விழாவின் நாயகியே, என் தங்கையே! எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். எதையும் எளிதில் நம்பாதவள். "ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள்" என்று யாராவது சொன்னால், "யார் எண்ணினார்கள்?" என்று கேட்பவள். அப்படிப்பட்ட என்னைப் பாராட்டிப் பேச அழைத்தது சங்கத்தின் துணிச்சல். வந்தது என் பலவீனம். தங்கை என்று ஒருத்தி இருந்தால் எல்லாருக்கும் அந்தப் பலவீனம் இருக்கும்.

அவளுடைய சலவைக் கடையை அறியாதவர் இங்கே உண்டா? உங்கள் சட்டையில் கொட்டிய மை அவளுக்குத் தெரியும். உங்கள் மேசை விரிப்பில் சிந்திய தேநீர் தெரியும். யார் பையில் எதை மறந்து வைத்தார்கள் என்பதும் தெரியும். பயப்படாதீர்கள், சொல்ல மாட்டாள்! ஆனால் வீடு வீடாக இயந்திரம் வந்த பிறகு கடைக்கு வரும் கூடைகள் குறைந்தன. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சலவை ஆலையில் மேற்பார்வை வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் யோசிக்க அவகாசம் கேட்டாள்.

எதற்கு அவகாசம்? அதற்கு முன்பே அவள் விளையாட்டாக இணையத்தில் ஒரு வீடியோ சேனல் தொடங்கியிருந்தாள். பெயர் "கறை போச்சு". அவள் பேசுவாள், அவள் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, போனைப் பிடிப்பார். இஸ்திரிப் பெட்டிக்கு இருக்கும் பேச்சுகூட அவருக்குக் கிடையாது, பொருத்தமான பங்கீடு! அந்தச் சேனலுக்கு விளம்பர வருமானம் வர ஆரம்பித்தால் கடையைத் தொடர்ந்து நடத்துவது, வராவிட்டால் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிடுவது. இதுதான் அவர்கள் எடுத்த முடிவு.

வருமானம் சும்மா வருமா? அதற்குத் தகுதி வேண்டும். ஆயிரம் பேர் சப்ஸ்கிரைப் செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் நாலாயிரம் மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். நேற்றைய கணக்கை இன்று கொண்டாட முடியாது. ஓராண்டுக்கு முந்தைய நேரம் தினமும் கழிந்துகொண்டே போகும். ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற, மறுபக்கம் ஒழுகும் தொட்டி அது.

இந்தச் செய்தி எங்கள் உறவினர்களுக்கு எட்டியது. பாசம் பொங்கியது! தொட்டி ஒரே வாரத்தில் நிரம்பியது! தங்கை துள்ளினாள். விண்ணப்பித்தாள். வீடியோ நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. "இந்தப் பார்வைகள் உண்மையானவையாகத் தெரியவில்லை" என்று சொல்லி, சேர்ந்த நேரத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார்கள்.

அன்று கல்லூரி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நான் திருடியா?" என்று கேட்டாள். என் தங்கை சின்ன வயதிலிருந்து வாயாடி. ஒரே கேள்வியோடு அவள் நிறுத்தியது அன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் கணக்குப் பார்ப்பதுதான். சேனலின் எண்களைத் திறந்து பார்த்தேன். ஒரு கூட்டம், வீடியோவை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை, நிறுத்தாமல், தள்ளாமல், இரவு பகலாகப் பார்த்திருக்கிறது. மனிதர்கள் அப்படிப் பார்ப்பார்களா? நடுவில் பால் பொங்காதா? கதவு தட்டப்படாதா? கொட்டாவி வராதா?

மறுநாள் மாலை கடையில், தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே, குடும்பத்தைக் கூட்டினேன். செல்போன் கடை வைத்திருக்கும் எங்கள் மாமா மார்பை நிமிர்த்தி வந்தார்.

"கடையில டிஸ்ப்ளேக்கு வச்சிருந்த அத்தனை போன்லயும் ஓட விட்டேன்மா! ஒரு நிமிஷம் நிக்க விடல!"

"சரி மாமா. யாராச்சும் பாத்தாங்களா?"

"போன் பாத்துச்சு!"

முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்காதீர்கள் சித்தி, அன்று அடுத்துப் பேசியது நீங்கள்தான். "நான் சத்தத்தைக் குறைச்சு பீரோவுக்குள்ள வச்சுட்டேன்டி. புடவைங்க நடுவுல பத்திரமா ஓடிட்டே இருந்துச்சு."

"பீரோவுக்குள்ள யாரு சித்தி பாக்குறது?"

"ஏன், பாசமா செஞ்சா அதுகூடத் தப்பா? உங்க காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

அவையோரே! திருட்டு என்றால் கண்டிக்கலாம். வஞ்சகம் என்றால் வாதாடலாம். இது வாஞ்சை! வாஞ்சை வரிசையாக நின்று, வாஞ்சை வால்யூமைக் குறைத்துக்கொண்டு, பீரோவுக்குள் வாஞ்சை ஓடிக்கொண்டிருந்தால், யாரைக் கண்டிப்பது?

தங்கைதான் பேசினாள். "இனிமே சொந்தக்காரங்க யாரும் என் வீடியோவைப் பாக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்." மாமா முகம் சுருங்கியது. சித்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டத்துக்குப் போன் வழியாக வந்திருந்த அம்மா, எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப நானும் பாக்கக் கூடாது, இல்ல?"

அம்மா தொலைவில் எங்கள் தம்பி வீட்டில் இருப்பவர்; இந்த விழாவுக்காகத்தான் வந்திருக்கிறார். தங்கையைப் பார்க்க அவருக்கு இருந்த வழி அந்த வீடியோதான். தண்ணீர்க் கூஜாவில் போனைச் சாய்த்து வைத்து, தங்கை காலர் அழுக்கைப் பற்றிப் பேசும்போது, "ஏன்டி இப்படி இளைச்சுப்போயிட்ட, சாப்பிடறியா இல்லையா?" என்று பதிலுக்குப் பேசுவார். தம்பி மனைவி சொல்லியிருக்கிறாள்.

"நீ பாக்கலாம்மா, நீ நெஜமா பாக்குற" என்றேன். தங்கையும் கெஞ்சினாள்.

"வேணாம். என்னால அவ கடை மூட வேணாம்" என்றார் அம்மா. அன்றோடு நிறுத்தியவர்தான்.

பிறகு என்ன ஆயிற்று? சில வாரங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர்கள் மறுபடி கேட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைக் கோட்டில் துருக்கறை. தங்கை எலுமிச்சை போட்டாள், உப்புப் போட்டாள், தனக்குத் தெரிந்ததை எல்லாம் போட்டாள். கறை அசையவில்லை. மாப்பிள்ளை போனை இறக்கப் போனார். "பிடிங்க, பிடிங்க, இதையும் எடுங்க" என்றாள். கோட்டை வெளிச்சத்தில் விரித்துக் காட்டி, "பாத்துக்கங்க. இந்தக் கறை போகாது. இன்னும் தேய்ச்சா துணிதான் போகும். இதோட விட்டுடுங்க" என்றாள். அந்த வீடியோவை அப்படியே ஏற்றிவிட்டாள்.

"கறை போச்சு" என்று பெயர் வைத்த சேனலில் கறை போகாத வீடியோ! நான் தலையில் கை வைத்தேன். ஆனால் மக்கள் பார்த்தார்கள். நிறுத்திப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், பாதியில் எழுந்துபோய் வந்து மீதியைப் பார்த்தார்கள். மனிதர்கள் பார்த்தார்கள்! ஒரு செவிலியர் எழுதியிருந்தார்: "மூணு வருஷமா ஒரு சட்டையைத் தேய்ச்சிட்டிருந்தேன். உங்க பேச்சைக் கேட்டுத் தூக்கிப் போட்டுட்டேன். நிம்மதியா இருக்கு." எல்லாம் போகும் என்று சொல்பவர்கள் நிறைந்த உலகில், போகாததைப் போகாது என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். அவளை நம்பினார்கள். நம்பியதால் மற்ற வீடியோக்களையும் தேடிப் போனார்கள். சந்தேகப்பிராணியான நான் எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். சரியாக இருந்தன. தொட்டி மறுபடி நிரம்பியிருந்தது.

இரண்டாம் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தபோது, தங்கை ஒரு பித்தானைத் தொலைத்தது கடையா வாடிக்கையாளரா என்று வாக்குவாதத்தில் இருந்தாள். போனைப் பார்த்த மாப்பிள்ளை, "ஏய்! கெடச்சிடுச்சுடி!" என்று கத்தினார். கடைவீதியே திரும்பிப் பார்த்தது. தகுதி கிடைத்ததற்கு அல்ல. அவர் குரலை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்!

அவளுடைய வீடியோவில் வந்த முதல் விளம்பரம் என்ன தெரியுமா? ஒரு சலவைத்தூள். "எந்தக் கறையும் நொடியில் போகும்!" என்று ஆடிப் பாடினார்கள். அது முடிந்ததும் என் தங்கை வந்து, "இந்தக் கறை போகாது" என்றாள். சலவைத்தூள்காரரின் செலவில் உண்மை பேசும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சித்தி ஏதோ கேட்கிறார். என்ன சித்தி? "விளம்பரத்தையாச்சும் நாலு வாட்டி அமுக்கவா?"

ஐயோ, வேண்டாம்! அவையோரே, இதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன். பாசத்துக்காக அமுக்காதீர்கள். பாசத்துக்காக ஓட விடாதீர்கள். கிடைத்த தகுதியை அந்தப் பாசமே மறுபடி பறித்துவிடும். உங்களுக்குக் கறை போக வேண்டுமா? வீடியோவைப் பாருங்கள். பாசம் இருக்கிறதா? கடைப்படி ஏறி வாருங்கள்! அழுக்குத் துணியோடு வாருங்கள், வாய் நிறையப் பேச்சோடு வாருங்கள், பித்தானுக்காகச் சண்டை போட வாருங்கள்! பார்த்த கணக்கைக் காட்டுவதற்காகப் பார்க்கும் உலகத்தில், பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். அதை எந்த நிறுவனமும் கழிக்க முடியாது!

அம்மா, உனக்கு மட்டும் தனியாக. நீ பார்த்தது ஒருநாளும் பொய்ப் பார்வை இல்லை. நீ பார்க்காத வீடியோக்கள் நிறைய சேர்ந்துவிட்டன. நடுவில் நிறுத்தி அவளைத் திட்டிக்கொண்டே, உன் வழக்கப்படி, நிதானமாகப் பாரு. அதற்கு முன்னால், அவள் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். முதலில் அவள் பக்கம் திரும்பு.

என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், குறுக்கே கேள்வி கேட்டு என்னைக் காப்பாற்றிய சித்திக்கும், கைதட்டியவர்களுக்கும், கைதட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் என் நன்றி. ஆலைக்காரர்களிடம் தங்கை வரவில்லை என்று சொல்லியாகிவிட்டது. சாவி அவள் கையிலேயே இருக்கிறது. நாளைக் காலை கடை திறந்திருக்கும்.

வணக்கம்.