குளத்தோரம் ஒரு பால் வாளி

— அந்தப் பேப்பர மடக்கி வச்சிட்டு என் மூஞ்சியப் பாருங்க, தம்பி. செத்தவ மாதிரியா இருக்கேன்?

— விளங்கேல்லை அம்மா. காலமை வந்து கதவைத் தட்டினீங்கள், கதை எழுதின ஸ்கந்தராஜா நீங்களோ எண்டு கேட்டீங்கள். ஓம் எண்டு சொன்னன். நீங்கள் ஆர்?

— இருளாயி. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம், நாலாம் நம்பரு லயம். மொதப் பரிசு வாங்குன உங்க கதையில ஈயம் தோண்டிப் போட்ட குட்டையில விழுந்து செத்துப் போறாளே ஒரு பொண்ணு, அவதான். பேரக்கூட நீங்க மாத்தலியே.

— இருளாயி அக்காவோ? நாங்கள் எல்லாரும் நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டுதானே நினைச்சம். எனக்கு அப்ப எட்டு வயசு. பேரை மாத்தினா உங்களுக்குத் துரோகம் செய்யிற மாதிரி இருந்தது, அதுதான் மாத்தேல்லை.

— ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க, உக்காருங்க. நானும் உக்காந்துக்கிறேன். அப்பல்லாம் உங்க வீட்டு முன்வாசல்ல கால் வச்சது கெடையாது. உங்களச் சின்னய்யான்னு கூப்பிடுவேன். இப்ப தம்பின்னுதான் வாயில வருது, கோவிச்சுக்காதீங்க.

— கோவிக்க என்ன இருக்கு. தேத்தண்ணி குடியுங்கோ, அம்மா குசினியிலதான் நிக்கிறா.

— தண்ணி பொறவு. மொதல்ல நியாயம் பேசிருவோம். எம் மக பாப்பா வாத்தியார் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கா. தெலுக் இந்தான் பாசார்ல எனக்குச் சொந்தமா காய்கறிக் கடை இருக்கு. ஞாயித்துக்கெழம அங்க குந்திக்கிட்டு உங்க கதையச் சத்தமா படிச்சா, எனக்குத்தான் எழுத்து தெரியாதே. தோட்டத்துக் கணக்கு பாக்குற கெராணி அந்தப் பொண்ண மலையோரத்து மர நெரைக்கு ஒத்தையா பால் வெட்ட மாத்துறாரு. அது வரைக்கும் சரி, அப்படித்தான் நடந்துச்சு. பொறவு பாத்தா அவ கெராணி கால்ல விழுறா, தலவிதி தலவிதின்னு பொலம்புறா, வாளியக் கரையில வச்சிட்டுக் குட்டையில எறங்குறா. பாப்பா கண்ணத் தொடச்சிக்கிட்டு, இது உங்க தோட்டம், உங்க பேரு, யாரும்மா இந்தப் பொண்ணுன்னு கேக்குறா. நான் தக்காளியப் பொறுக்கிக்கிட்டே இருந்தேன்.

— அக்கா, கதையில வாற கெராணி என்ர அப்பா. அதை எழுத எனக்கு எவ்வளவோ வருசம் பிடிச்சது. அவர் செய்ததை நான் மறைக்கேல்லை. அது போதாதோ?

— அய்யா போயி எத்தன மாசமாச்சு?

— ஆறு. முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்சாப் பிறகுதான் கதையைத் தபாலில போட்டனான்.

— அப்ப நீங்க செத்த பாம்ப அடிச்சிருக்கீங்க. நான் அது படமெடுத்து நிக்கையில அடிச்சவ. அய்யா எடது மணிக்கட்டுல ஒரு தழும்பு இருந்துச்சே, அது என்னான்னு உங்ககிட்டச் சொன்னாரு?

— கார்க் கதவு நசிச்சது எண்டு.

— பால் வெட்டுற கத்தி, தம்பி. மரத்த எப்படி வெட்டணும்னு எங்கம்மா முத்தம்மா பழக்கியிருந்தா. எடதுலேருந்து வலதுக்கு, சாய்வா, தோலு மட்டும். கட்டையில கத்தி படக்கூடாது. அன்னிக்கு என் கையப் பிடிச்சு இழுத்தாரு பாருங்க, அப்படியே ஒரு வெட்டு. அவரு கையப் பொத்திக்கிட்டு மரத்தடியில உக்காந்துட்டாரு. நான் அழுவல. யாரு கால்லயும் விழுவல. எடுத்தேன் பாரு ஓட்டம், ரத்தம் பட்ட வாளி கையில இருக்குறதே எனக்குத் தெரியல.

— இதை நான் எப்பிடி அறிவன்? கதை எண்டு வரேக்க, எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கு வேறை முடிவு இருந்ததா நான் எங்கையும் வாசிச்சதில்லை. அவள் அழுது கெஞ்சிச் செத்தாத்தான் படிக்கிறவைக்கு மனசு சுடும் எண்டு நினைச்சிட்டன்.

— கதையில வார பொண்ணுங்க பூரா ஏன் குட்டையிலயே போயி விழுவுறாளுங்க? ஒருத்திக்காவது நீச்சல் சொல்லித் தரக்கூடாதா? நான் பொழச்சேன் தம்பி. மூணாம் நாள் விடியக் கருக்கல்ல தேங்கா லோரியில ஏறித் தெலுக் இந்தான் போய்ச் சேந்தேன். அப்ப அது தெலுக் ஆன்சன். ஒடம்புல ஒரு சேலை, அதுவும் லயத்துச் சேலை இல்ல. மூட்டை தூக்கினேன், கல்யாணம் கட்டினேன், கடை போட்டேன். எவனுக்கும் தல குனிஞ்சதில்ல.

— அந்த ரெண்டு நாளும் எங்க இருந்தனீங்கள்?

— அய்யா உசிரோட இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு மாரியம்மா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இப்ப அவரு இல்ல. ஆனாலும் அது உங்க வாயாலதான் வரணும். வாளியப் பத்தி என்னா எழுதியிருக்கீங்க, அத மட்டும் படிங்க.

— "குளத்தங்கரையில் அவளுடைய பால் வாளி இருந்தது. நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோல் அது வெயிலில் மின்னியது."

— பால் வாளி என்னிக்குத் தம்பி மின்னிச்சு? ஓரமெல்லாம் பாலு காஞ்சு தோலு மாதிரி ஒட்டிக் கெடக்கும். நாங்க தண்ணி ஊத்தி அலசுறதோட சரி. மறுநாள் ஆளுங்க பேரு கூப்பிடுற பெரட்டு முடிஞ்சு வாரப்ப, எங்கள வேலை வாங்குற மண்டோரு பத்துமலை அண்ணேதான் மொதல்ல அந்த வாளியக் குட்டையோரமாப் பாத்திருக்காரு. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்ச வாளி. அவருக்குப் பாத்த ஒடனே புரிஞ்சு போச்சு. இது பால் வெட்டுற கை விளக்குன வாளி இல்ல, வேற யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க, பொண்ணு எங்கயோ பத்திரமா இருக்கான்னு. ஆளுங்க வாரத்துக்குள்ள கட்டிப்பாலயும் சேத்தையும் எடுத்து உள்ளயும் வெளியவும் அப்பிட்டாரு. பொறவுதான் கூப்பாடு போட்டாரு.

— அப்ப லயத்திலை எல்லாருக்கும் தெரியுமோ?

— அன்னிக்குச் சாயந்தரமே தெரியும். எங்கம்மா நான் உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டே மாரடிச்சு அழுதா. அய்யா கண்ணு முன்னாலயே பதினாறாம் நாள் கருமாதி வச்சாங்க, எங்கப்பா மீசைய எடுத்தாரு. அறுவது குடும்பம், தம்பி. போலீசு வந்து கேட்டுச்சு, தொரை வந்து கேட்டாரு, ஒரு புள்ள வாயத் தொறக்கல. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். உங்க கதையில அந்த லயத்து சனம் என்னா பண்ணுது? தலயக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது.

— என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாமப் போச்சு.

— தெரியாதது தப்பில்ல. ஆனா வாளி மின்னுனது மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நீங்க குட்டைக்கு வந்தீங்களா?

— இல்லை. எனக்குக் காய்ச்சல். ரெண்டு நாளும் வீட்டுக்குள்ளதான் படுத்துக் கிடந்தனான்.

— மின்னுனதப் பாத்தது பத்துமலை அண்ணே ஒருத்தரு. அவரும் ஒடனே சேத்தப் பூசிட்டாரு. அப்ப நீங்க எங்க பாத்தீங்க?

— நான்... குசினிப் படியில. வெயிலில கவிட்டு வச்சிருந்தது, கண் கூசினது. அம்மாவின்ர கை எல்லாம் சாம்பல். இது எங்கட வாளி இல்லையே எண்டு கேட்டன். பேசாமப் போய்ப் படு எண்டு ஏசினவ.

— ம்.

— அம்மாவோ? எங்கட அம்மாவோ, அக்கா? அப்பிடி இருக்காது. அண்டைக்கு நான் என்ர கண்ணால கண்டனான். அப்பா கையில துணியைச் சுத்திக்கொண்டு, ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, உங்களைத் தேடி முற்றத்தால ஓடினவர். அம்மா அவரை மறிக்கேல்லை. அறைக்குள்ள போய் ஜன்னலைச் சாத்தினவ. அந்தச் சத்தம் இருபத்து நாலு வருசமா என்ர காதில இருக்கு. அதாலதான் கதையில கெராணியின்ர மனுசியைக் கல்லு எண்டு எழுதினனான்.

— எழுதுனீங்க. நான் குட்டையில விழுந்ததக்கூடச் சிரிச்சிட்டு விட்டிருப்பேன். அந்த ஒரு வரிதான் என்னைச் சுட்டுச்சு. பரிசு வாங்குன கதைய எல்லாம் புஸ்தகமா போடப் போறாங்களாமே, அதுக்கு முன்னால சொல்லிப்புடணும்னுதான் மொத பஸ்ஸ பிடிச்சு ஈப்போவுக்கு ஓடியாந்தேன்.

— அம்மாவும் கதையை வாசிச்சவ. நல்லா எழுதியிருக்கிறாய் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, பேப்பரை மடிச்சுத் தந்தவ.

— அவங்க அவ்வளவுதான் சொல்லுவாங்க. கூப்பிடுங்க.

— கூப்பிட வேண்டாம் இருளாயி, வந்திட்டன். இந்தா, சீனி கூடப் போட்ட தேத்தண்ணி. அண்டைக்கும் இப்பிடித்தானே கேட்டனீ.

— அம்மா, நீங்கள் அண்டைக்கு ஜன்னலைச் சாத்தேல்லையோ?

— சாத்தினனான், ராசா. இவள் உள்ளுக்கு நிண்டவள்.