கடப்பாரைக்குக் குங்குமம்

இந்த வருடம் சாரல் கொஞ்சம் முந்திவிட்டது, இன்ஸ்பெக்டர் சார். ஜன்னலைச் சாத்த வேண்டாம். குற்றாலக் காற்று உடம்புக்கு நல்லது.

நான் ஆவுடைநாயகம். இலஞ்சியில் எங்கள் தெருவின் பழமையைக் காக்கும் குழுவுக்குத் தலைவன். ஓட்டுக் கூரையும் தேக்குத் தூணுமாக இப்படி ஒரு தெரு தென்காசிப் பக்கம் வேறு எங்கும் இல்லை. அதற்காக நாயாய் அலைந்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கணேசமூர்த்தி நல்ல பையன்தான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடப் போவதாக வந்து நின்றான்.

"கூரை பூரா ஒழுகுது அண்ணாச்சி. பிள்ளைய தூக்கிட்டு மூலைக்கு மூலை மாறிப் படுக்கோம்."

ஓட்டை மாற்றிப் பார் என்றேன். உத்திரமே உளுத்துப் போச்சு என்றான். எவ்வளவோ பொறுமையாகச் சொன்னேன், காதில் ஏறவில்லை.

பழைய வீட்டை இடிக்கும்போது முதல் அடியைத் தெருவில் மூத்தவர் போடுவது எங்கள் வழக்கம். நேற்றுக் காலை, வேலையாட்கள் வருவதற்கு முன், கடப்பாரைக்குக் குங்குமம் வைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். "உங்க கை பட்டாத்தான் எங்களுக்கு நிம்மதி அண்ணாச்சி, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று காலில் விழுந்தான்.

வழக்கத்தை நான் மீறவில்லை. முதல் அடியைப் போட்டேன், அவன் பிடரியில். எழப் பார்த்தான், இன்னும் இரண்டு தேவைப்பட்டது. கற்பூரத் தட்டோடு வந்த அவன் மனைவி ஸ்ரீமதி, "அண்ணாச்சி, என்ன செய்யுதீய" என்று அவன்மேல் விழுந்து மறைத்தாள். அவளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

தூணில் தெறித்ததை முதலில் துடைத்தேன். தேக்கில் கறை ஊறிவிட்டால் போகாது. உள்ளே அழுத பிள்ளையைப் பக்கத்து வீட்டு மாரிச்செல்வியிடம் கொடுத்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

அவன் வீட்டுக்கு எதிரே நிற்கும் மூன்று மாடி லாட்ஜ் யாருடையது என்று உங்கள் ஏட்டு கேட்டார். என்னுடையதுதான். அங்கேயும் ஒரு காலத்தில் ஓட்டு வீடுதான் இருந்தது. சீசனுக்குக் குளிக்க வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள், சொல்லுங்கள். என் வீட்டுத் தூண்களை வீணாக்காமல் ரிசப்ஷனில் நிறுத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் தெருப்பக்க பால்கனிதான் வேண்டும் என்கிறார்கள். பார்ப்பதற்கு ஓட்டு வீடுகள் இருக்கின்றன அல்லவா.

என் வீட்டை இடித்த அன்று முதல் அடி போட்டவர் கணேசமூர்த்தியின் அப்பா. அழுதுகொண்டேதான் போட்டார். ஆனால் பழமைமேல் அவருக்கு உண்மையான பற்று இருந்ததில்லை, சார். சுவரில்தான் போட்டார்.