தன் செடியைத் தான் தின்னாத டாக்டரம்மா

மேடையில் இருக்கத் தகுதியுள்ள பெரியவர்களே! தகுதியைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் பார்த்து உட்கார்ந்துவிட்டவர்களே! முன்வரிசையில் தலைகவிழ்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் பிரேம்சிங் அவர்களே! மேலநீலிதநல்லூரிலிருந்தும் கரிவலத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் என்னைப் போல உழுது பிழைக்கும் சம்சாரிமார்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இசக்கித்தாயின் கும்பிடு.

நான் நித்தியகல்யாணி பயிரிடுகிறவள். மறைந்த டாக்டரம்மா, முனைவர் ஜாய்லின் அவர்களின் ஆராய்ச்சிக்குப் பதினோரு வருடமாக இலையும் வேரும் கொடுத்தவள். இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசிய வைத்தியர் பெருமாள்சாமி அவர்கள் இருபத்தைந்து நிமிடம் பேசினார். அதில் டாக்டரம்மாவைப் பற்றி இரண்டு நிமிடம், தன் பொடியைப் பற்றி மிச்சம். ஆகவே மணி அடிக்கிற தம்பி மணியைக் கீழே வைத்துவிடலாம்.

யார் இந்த ஜாய்லின்? பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் போய் வந்து, சம்பளம் வாங்கி, நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தாரா? வெயிலில் என் செடிக்காட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். செடி மிதிபடக் கூடாதாம்!

"ஆச்சி, இந்த இலைல இருந்துதான் ரத்தப் புத்துக்கு ஊசி மருந்து எடுக்காங்க. டன் கணக்குல இலை போட்டா கிராம் கணக்குல கிடைக்கும்" என்றார்.

"மருந்துதான் இருக்கே. பொறவு நீ என்னத்துக்கு வெயில்ல அலையுத?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள்ல புத்து அந்த மருந்துக்குப் பழகிருது ஆச்சி. நாம உள்ள விட விட, அது மோட்டாரைப் போட்டு வெளியே இறைச்சிருது. அந்த மோட்டாரை நிப்பாட்டுத சத்து ஏதாவது செடில இருக்கான்னு தேடுதேன்."

"பியூஸைப் பிடுங்குத வேலைன்னு சொல்லு!"

"அதேதான் ஆச்சி! இதைச் சொல்ல நான் நூறு பக்கம் எழுதியிருக்கேன்" என்று சிரித்தார்.

வருடா வருடம் கேட்பேன், கண்டுபிடித்தாயிற்றா என்று. வருடா வருடம் ஒரே பதில்: "எலிக்கு வந்த புத்துக்குக் கேட்டிருக்கு ஆச்சி. மனுசனுக்கு இன்னும் பாக்கல." எலியை எலி என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! பதினோரு வருடம் எலி என்றே சொன்னார். எலியைக்கூடக் கண்ணால் பாராதவர்கள் இன்று மனிதனுக்குக் கேட்கும் என்று மைக் பிடித்துச் சொல்கிறார்களே, இவர்களை என்ன செய்ய!

போன வருடம் இதே மண்டபத்தில் அவரைப் பேச அழைத்தோம். பேச்சுக்கு அவர் எழுதிக் கொடுத்த தலைப்பு, 'மருந்து எதிர்ப்பை முறியடிக்கும் தாவரங்கள்.' நம் விவசாயிகள் சங்கச் செயலாளர் ஆறுமுகச்சாமி அவர்கள் எம்.ஏ. பட்டம் வாங்கியவர். அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"மருந்து எதிர்ப்பா? என்ன வே இது, போராட்டம் மாதிரில்லா இருக்கு! போலீஸ்காரன் பெர்மிஷன் தரமாட்டான்."

தரமாட்டான் என்று இவரே முடிவு செய்து, 'மருந்து' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நோய்' என்று போட்டார். 'நோய் எதிர்ப்பை முறியடிக்கும் தாவரங்கள்' என்று ஐந்நூறு நோட்டீஸ் அச்சாகி ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. நோய் எதிர்ப்பை முறியடித்தால் என்ன மிஞ்சும் ஐயா? ஆளே முறிந்துபோவானே! நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு விளங்கியது. போய்ச் சொன்னேன்.

"ஆச்சி, நீங்க இலையப் பாருங்க. எழுத்தை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

நன்றாகப் பார்த்தீர்கள்! ஆனால் டாக்டரம்மா கோபப்படவில்லை. அப்போது அவருக்கே மார்பில் புற்று வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தலையில் முடி இல்லை, துணி கட்டியிருந்தார். புறங்கையில் ஊசி குத்திய நீலம் மறையவில்லை. அந்தக் கையில் கறுப்புப் பேனாவைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து கரிவலம் ரோடு வரை நோட்டீஸ் நோட்டீஸாக நின்று ஒரு சொல்லை அடித்து ஒரு சொல்லை எழுதினார். "விட்டுத்தள்ளு தாயி, யாரு படிக்கப் போறா?" என்று நான் அலுத்துக்கொண்டேன். "சீக்காளி படிப்பான் ஆச்சி" என்றார்.

சீக்காளி படித்தானோ இல்லையோ, பெருமாள்சாமி அவர்கள் படித்தார். திருத்தாத நோட்டீஸ் ஒன்று எப்படியோ அவர் கையில் சிக்கியது. 'ஜாய்லின் கேன்சர் பொடி' என்று இன்று அந்த அம்மா படத்துக்குக் கீழேயே அடுக்கி வைத்திருக்கிறாரே, அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். 'நோய் எதிர்ப்பை முறியடிக்கும்' என்றே போட்டிருக்கிறார்! அவர் வாழ்நாளில் அச்சடித்த ஒரே உண்மை அதுதான். அதுவும் தெரியாமல் அச்சடித்தது.

சிரிக்காதீர்கள். அந்தப் பொடிக்கு மூன்று சிப்பம் காய்ந்த இலை கொடுத்தவள் நான். ஏற்றுமதிக்கு என்றார், நம்பினேன். வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தோடுதான் இங்கே நிற்கிறேன். மேடையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

சற்று முன் இவர் என்ன சொன்னார்? இங்கிலீஷ் மருந்துதான் டாக்டரம்மாவைக் கொன்றதாம். தன் செடியைத் தானே தின்றிருந்தால் பிழைத்திருப்பாராம். அவர் ஏன் தின்னவில்லை என்று நான் சொல்கிறேன். ஊசி மருந்துக்கு அவர் புற்று பணியாமல் போன பிறகு, பாளையங்கோட்டை வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"உன் செடிதானே, ஒரு வாய் தின்னு பாரேன் தாயி."

"நான் தின்னா ஊரே தின்னும் ஆச்சி. இலைல விஷம் கெடக்கு, ரத்தத்தையும் நரம்பையும் கெடுத்துரும். ஆஸ்பத்திரி எனக்கு நாலு வருசம் தந்திருக்கு. மருந்து பலிக்காமச் செத்தேன்னு இருக்கட்டும். பொய்யக் காட்டிட்டுச் செத்தேன்னு வேண்டாம்."

கேட்டீர்களா? சாகிற நேரத்திலும் ஒரு கரண்டி தின்னாத மனுஷி! அவர் பெயரிலா பொடி? அவர் படத்துக்குக் கீழேயா கடை?

இதோ, மூன்றாவது வரிசையில் என் பக்கத்து வீட்டுச் சண்முகசுந்தரி இருக்கிறாள். அவளுக்கும் அதே நோய். ஒளிக்க வேண்டாம் என்று அவளே சொன்னதால் சொல்கிறேன். மதுரையில் ஆறு ஊசியில் மூன்று போட்டாயிற்று, கட்டி பாதி கரைந்துவிட்டது. நான்காவது ஊசி வருகிற திங்கட்கிழமை. அதைத்தான் நிறுத்திவிட்டுத் தன் பொடியைத் தின்னச் சொல்லியிருக்கிறார் இந்த வைத்தியர்! மருந்துக்குப் பணியாத நோயைப் பணிய வைக்கத்தான் ஜாய்லின் தன் ஆயுளைக் கொடுத்தார். இவள் நோய் பணிகிறது ஐயா! பணிகிற நோயை அவிழ்த்துவிடச் சொல்கிறீர்களே, நீங்கள் எந்த ஊர் வைத்தியர்?

பயிரிடுகிறவர்கள் சார்பில் உறுதி சொல்கிறேன். எங்கள் காட்டிலிருந்து பொடிக்காரர் யாருக்கும் இனி ஒரு கைப்பிடி இலை போகாது. டாக்டரம்மாவின் ஆய்வகத்துக்கு இலையும் வேரும் நிற்காமல் போகும். அங்கே இப்போது அந்த எலிகளைப் பார்த்துக்கொள்வது என் பேத்தி. பெருமையாகவே சொல்கிறேன். அவளும் எலியை எலி என்றே சொல்வாள்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. ஏட்டி சண்முகசுந்தரி, திங்கட்கிழமை மதுரைக்குப் போறியா இல்லையா? இந்த மைக்கை வச்சுக்கிட்டுக் கேக்கேன்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. "பயமா இருக்கு மதினி" என்கிறாள்.

இருக்கட்டும். டாக்டரம்மாவுக்கும் ஒவ்வொரு ஊசிக்கும் பயம்தான், பயந்துகொண்டேதான் போனார். மொத பஸ்ஸுக்கு நானும் வாரேன், உன் பக்கத்துலயே இருக்கேன். பைக்குள்ள இருக்க அந்தப் பொடிப் பொட்டலத்தை இங்கன கொண்டா.

பெருமாள்சாமி அவர்களே, நீங்கள் உட்காருங்கள். உங்களை யாரும் கூப்பிடவில்லை.

அவள் எழுந்துவிட்டாள். வழி விடுங்கள்.