காளியாயி அக்காவின் மேல் குற்றமில்லை

எனது பெயர் தனுஜா. வயது 28. ராகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் வசிக்கிறேன். கொழுந்து பறிக்கிறேன். பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா பிரசவம் பார்த்ததால்தான் எங்கள் குழந்தை இறந்தது என்று என் கணவர் யோகேஸ்வரன் பொலிஸில் செய்த முறைப்பாடு பற்றி விசாரிக்கப்பட்டபோது, என் விருப்பத்தின் பேரில் கூறுவதாவது:

கடந்த ஜனவரி 11ஆம் திகதி காலை, எட்டு மாதக் கர்ப்பிணியான எனக்கு வயிறு கல்லாக இறுகி இரத்தம் போயிற்று. கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். பாதையில் மண் சரிந்து அம்புலன்ஸ் வர முடியாததால், என்னைத் தோட்டத்து லொறியில் ஏற்றி வேறு வழியாகக் கொண்டுபோனார்கள். அக்கா மட்டும் என்னுடன் வந்தார். பாதி வழியில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. அதன் பிறகு அக்கா அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு ஊதிப் பார்த்தார். அதன் பிறகு எனக்கு இரத்தம் நிற்காததால், அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி, நான் மயங்கிவிடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"ஒங்கிட்ட மறைக்க மாட்டேன். மூச்சில்ல. ஆனா ஒன் புள்ளதான், பாக்குறியாம்மா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை குழந்தையை என் மார்பில் வைத்திருந்தேன்.

மறுநாள் குழந்தையை அடக்கம் செய்த பிறகே கணவர் வந்து சேர்ந்தார். அதன் பிறகு எனக்குப் பால் கட்டியபோது அக்காதான் துணி நனைத்து ஒற்றினார். கூடை சுமந்ததால் நானே குழந்தையைக் கொன்றேன் என்று நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தேன். அக்கா என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் அம்மா ஆஸ்பத்திரி அறிக்கையைப் பார்த்து, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குழந்தை வயிற்றிலேயே இறந்தது என்றும், அது யாருடைய தவறுமல்ல என்றும் சிங்களத்தில் சொன்னார். தாதி அதைத் தமிழில் இரண்டு முறை சொன்னார். அன்றுதான் வாய்விட்டு அழுதேன். இப்போது வேலைக்குப் போகிறேன். உயிரோடிருப்பது அக்காவால்தான்.

கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிள்ளையைப் பார்க்கவேயில்லை. இன்று காலை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர், "மொகம் யார் மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒங்க மூக்குங்க" என்றேன்.

இப்போது அவர் வெளியே வாங்குப் பலகையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முறைப்பாட்டை மீளப் பெறுவதாகச் சொல்கிறார்.

நான் கூறியவை இவ்வளவே. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது, மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) யோ. தனுஜா