லூர்துசாமி மோந்து பார்த்தார்

ஜோசபின்: அப்போ பெயிலா?

லூர்துசாமி: பெயில்னு சொல்லல. நாளைக்குத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்காரு, கோர்ஸ் எடுக்குற மகாதேவன் சார்.

ஜோசபின்: அதுக்குப் பேரு என்ன?

லூர்துசாமி: …டீ இருக்கா?

ஜோசபின்: இருக்கு. என்ன செஞ்சீங்க?

லூர்துசாமி: கேஸ்ல ஓடுற கப்பல்ல இருக்குற மாதிரியே ஒரு இன்ஜின் ரூம் கட்டி வெச்சிருக்காங்கல்லா… உள்ள கேஸ் கசியுதுன்னு நெனச்சுக்கிட்டுப் போகணும். நான் வாசல்ல நின்னு மோந்து பாத்தேன். வாசம் இல்லன்னு கையைக் காட்டிட்டு உள்ள போயிட்டேன்.

ஜோசபின்: சரிதான?

லூர்துசாமி: கப்பல் கேஸுக்கு வாசமே கிடையாது. நம்ம சிலிண்டர்ல நாத்தம் வாரது, கசிஞ்சா தெரியணும்னு சேக்குறது. அங்க கேஸ் இருக்கான்னு காட்டுற மீட்டரை நீட்டிப் பாத்துட்டுத்தான் காலை வைக்கணும்.

ஜோசபின்: மீட்டர் எங்க இருந்துச்சு?

லூர்துசாமி: பாக்கெட்ல.

ஜோசபின்: பாக்கெட்லயா!

லூர்துசாமி: சிரிக்காத.

ஜோசபின்: சிரிக்கல. சார் என்ன சொன்னாரு?

லூர்துசாமி: "நீங்க செத்துட்டீங்க, வெளிய வாங்க"ன்னாரு. கூட நின்ன தங்கராஜ் ஹெல்மெட்டைக் கழட்டி மரியாதை செஞ்சான்.

ஜோசபின்: புனேயில கடலே கிடையாது. இங்க வந்து கப்பல்ல செத்திருக்கீங்க. நாளைக்கும் செத்தா?

லூர்துசாமி: கேஸ் கப்பல் கிடைக்காது. பழைய எண்ணெய்க் கப்பல்தான்.

ஜோசபின்: போங்களேன். இத்தனை வருஷமா அதுலதான…

லூர்துசாமி: இனிமே அதுக்குப் போக முடியாது.

ஜோசபின்: ஏன்?

லூர்துசாமி: எங்க எண்ணெய் கசிஞ்சாலும் "லூர்துசாமி, மோந்து பாரு"ம்பாங்க. சீனியராம்.

ஜோசபின்: மோந்து சொல்ல வேண்டியதுதான…

லூர்துசாமி: அதான் முடியாது.

ஜோசபின்: டீ ஆறுது. சொல்லுங்க.

லூர்துசாமி: எனக்கு வாசம் தெரியாது, ஜோசபின். முந்தின லீவுல காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு, எல்லார் முன்னாடியும் சும்மாவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி… பழகிப் போச்சு. கேஸ் கப்பல்ல யார் மூக்குக்கும் வேலையில்ல. அதுக்காகத்தான் இந்தக் கோர்ஸுலயே சேந்தேன். இங்கயும் வந்து மோந்திருக்கேன் பாரு.

ஜோசபின்: ம்.

லூர்துசாமி: பயமா இருக்கு எனக்கு. நீ ம்ங்குற.

ஜோசபின்: நாளைக்கு மீட்டரைக் கையிலயே பிடிச்சுக்கிடுங்க. மூக்குல கர்ச்சீப்பைக் கட்டிக்கிடுங்க.

லூர்துசாமி: உனக்கு முன்னாடியே தெரியுமா?

ஜோசபின்: உங்களைத் தனியா விட்டுட்டு நிக்டி மார்க்கெட்டுக்குப் போறப்பல்லாம் சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுத்தான் போறேன். மாதா கோயில்ல முழங்கால் போடும்போதும் அந்தப் பை பக்கத்துலதான் இருக்கும்.